டிஸ்னிலாந்தில் படம் பிடித்தோம்

உல்லாசப் பிரயாணம் போய்த் திரும்பியவர்கள் வீட்டுக்கு முதல் வாரத்தில் போகாமலிருப்பதே உத்தமம். காபி கொடுத்து உபசரிப்பார்கள், வாஸ்தவந்தான். ஆனால் அந்தக் காபி ஆறுவதற்குள் கைபேசியை எடுத்து, "இது கோட்டை, இது கோட்டைக்கு முன்னால் நாங்கள், இது அதே கோட்டைதான், சற்றுக் கிட்டே நின்று எடுத்தது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். முந்நூறு படங்கள்! முந்நூறிலும் ஒரே வரிசை, ஒரே சிரிப்பு.

இத்தகைய ஆபத்தைப் பிறருக்கு விளைவிப்பவனாக நானும் ஆவேன் என்று கனவிலும் எண்ணியதில்லை. கலிபோர்னியாவில் வசிக்கும் என் பெண் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போயிருந்தோம். எட்டு வயதுப் பேரனையும் மூன்று வயதுப் பேத்தியையும் முன்னிட்டு எங்களையும் ஆனஹைம் நகரிலுள்ள டிஸ்னிலாந்துக்கு அழைத்துச் சென்றார்கள்.

1955-ம் வருஷம் ஜூலை மாதம் 17-ந் தேதி திறக்கப்பட்ட கேளிக்கைத் தோட்டம் அது. அது உண்டான விதம் ரசமானது. வால்ட் டிஸ்னி தம் இரு பெண்களையும் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரத்துக் கிரிபித் பூங்காவுக்கு அழைத்துப் போவாராம். குழந்தைகள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். தகப்பனார் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். பெற்றோரும் குழந்தைகளும் சேர்ந்து களிக்கும்படியான இடம் ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தகப்பனாரை நேயர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டும்.

காமிரா இலாகா முழுவதும் என் பெண்ணைச் சேர்ந்தது. வாசலில் நுழைந்தால் பிரதான வீதி. அதன் கோடியில் தூங்கும் அழகியின் கோட்டை. அண்ணாந்து பார்த்தால் மலைபோல் தோன்றுகிறதே, அதன் உயரம் 77 அடிதான்! மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக்கிக் கட்டிக் கண்ணை ஏமாற்றியிருக்கிறார்கள். வீதியிலுள்ள கடைகளின் மாடிகளிலும் இதே தந்திரந்தான்.

எல்லாரையும்போல் நாங்களும் கோட்டையின் காலடியில் போய் நின்றோம். கோட்டை முழுவதும் படத்தில் விழ வேண்டுமே! என் பெண் பின்னாலேயே நடந்து நடந்து வெகுதூரம் போய்விட்டாள். படத்தைப் பார்த்த என் மனைவி, "கோட்டை நன்றாக இருக்கிறது. இதில் நான் எங்கே?" என்று கேட்டாள். கோட்டையின் அடியில் ஐந்து எறும்புகள் தெரிந்தன. அவற்றில் ஒன்று அவள்.

பிறகுதான் சரியான வழி புலப்பட்டது. மனிதர்கள் கோட்டையிடம் போகக் கூடாது; காமிராவிடம் வர வேண்டும். எங்களைத் தன் அருகில் நிறுத்திக்கொண்டு, பேத்தியின் உயரத்துக்குக் குனிந்து, கீழிருந்து மேல்நோக்கி எடுத்தாள். முகங்களும் வந்தன, எங்கள் தோளுக்குப் பின்னால் கோட்டையும் ஓங்கி நின்றது.

வெளிச்சத்தின் சங்கதியும் ஒன்று உண்டு. அந்த வீதி தெற்கிலிருந்து வடக்கே போகிறது. கோட்டையின் முகப்புத் தெற்குப் பார்த்தது. ஆகவே அதன்மேல் நாளெல்லாம் வெயில் விழுந்து ஜொலிக்கும். கோட்டைக்கு அது சிலாக்கியம். அதன் முன்னால் நிற்பவர்களுக்கோ சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். நடுப்பகலில் எடுத்த படங்களில் நாங்கள் அனைவரும் கஷாயம் குடித்தவர்களைப் போலவே காட்சியளிக்கிறோம். காலையில் கதவு திறந்தவுடனோ மாலை வெயிலிலோ எடுப்பது நலம். மற்ற வேளைகளில் மரநிழலே கதி.

திறந்த வருஷத்திலிருந்தே அந்த வீதியில் கோடக் கம்பெனியாரின் காமிராக் கடை இருந்தது. படத்துக்கு ஏற்ற இடம் இது என்று காட்டும் பலகைகளையும் பிற்காலத்தில் அங்கங்கே நட்டிருந்தார்கள். அவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஊரார் அனைவரும் ஒரே இடத்தில் நின்றால் தலைகள்தான் மாறும், படம் மாறாது. ஆனால் அந்தக் காலத்து பிலிம் சுருளில் 8 அல்லது 12 படங்கள், மிஞ்சினால் 36. எனவே விசையை அழுத்துமுன் மனிதன் ஒரு கணம் யோசித்தான். அந்த யோசனைக்கு இப்போது அவசியம் இல்லை. கோடக் கம்பெனியும் 2012-ல் திவால் மனுப் போட்டுவிட்டது.

சுழலும் தேநீர்க் கிண்ணங்கள் பதினெட்டு இருக்கின்றன. ஆள் உட்காரும் அளவு பெரியவை. வெளியே நின்று படம் பிடித்தால் எல்லாம் மங்கலாக விழும். என் பெண்ணோ கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்து எதிரே இருந்த குழந்தைகளை எடுத்தாள். எடுப்பவரும் எதிரே இருப்பவரும் சேர்ந்தே சுழல்வதால் முகங்கள் அசையாமல் தெளிவாக இருக்கின்றன; பின்னாலுள்ள உலகம் மட்டும் கோடு கோடாய் ஓடுகிறது. வெகு அற்புதம்! மிக்கி எலி வேஷக்காரர் வந்தபோதும் அப்படித்தான். பேத்தி அவர் கையைப் பிடித்து நின்ற படம் சாதாரணம். தூரத்தில் அவரைக் கண்டதும் வாயைத் திறந்தபடி ஸ்தம்பித்தாளே, அதுதான் படம்.

'டியானா' நீர்ச்சறுக்கில் படகு செங்குத்தாய் விழும் இடத்தில் தானாக இயங்கும் காமிரா ஒன்றை வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் முகத்தைச் சரிசெய்துகொள்ள முடியாது. மாப்பிள்ளையும் பேரனும் நானும் அகப்பட்டுக்கொண்டோம். என் முகத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. 40 அங்குல உயரம் இல்லாதவர்களை ஏற்றமாட்டார்கள். ஆதலால் என் பெண் சின்னவளை வைத்துக்கொண்டு கீழேயே தங்கிவிட்டாள். என் மனைவியும் புத்திசாலித்தனமாக உடன் தங்கிவிட்டாள்.

இரவு வாணவேடிக்கைக்காகக் காத்திருந்தோம். பேரன் கைபேசியில் அன்றைய படங்களை ஒவ்வொன்றாய்த் தள்ளிக்கொண்டே வந்தான். திடீரென்று, "தாத்தா, அம்மா நம்மோடு வரவேயில்லையா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்நூற்று நாற்பது படங்கள். ஒன்றிலும் அவள் இல்லை! யாராவது ஒரு வழிப்போக்கரைக் கேட்டிருக்கலாம். "உங்கள் குடும்பத்தை நாங்கள் எடுக்கிறோம், எங்களை நீங்கள் எடுங்கள்" என்றால் அங்கே எவரும் மறுப்பதில்லை. நான் இரண்டு தரம் சொன்னேன். "பரவாயில்லை அப்பா, நீங்கள் நில்லுங்கள்" என்று அவள் தட்டிக் கழித்துவிட்டாள். காமிராவை முனையில் மாட்டி நீட்டிப் பிடிக்கும் கழிகளையோ 2015-லேயே உள்ளே விடாமல் தடுத்துவிட்டார்கள்.

என் தாயாரின் படம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஒரு கலியாணக் கோஷ்டிப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கிறாள். அந்த நிமிஷத்தில் யாரோ குழந்தை அழுததாம். அதைத் திரும்பிப் பார்த்ததால் முகம் கலைந்து போயிருக்கிறது. அவள் எப்படி இருப்பாள் என்று என் பெண் சிறுவயதில் கேட்டபோது, அந்தக் கலங்கலைத்தான் விரலால் தொட்டுக் காட்டினேன்.

பேரனிடமிருந்து கைபேசியை வாங்கினேன். சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சில் என் பெண் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டியிருந்தாள். தோளில் சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முதலில் என் கட்டைவிரலைத்தான் படம் பிடித்தேன். "தாத்தா, விரலை எடுங்கள்" என்று பேரன் உபதேசித்தான். அதற்குள் முதல் வாணம் வெடித்தது. எல்லாரும் ஆகாயத்தை எடுத்தார்கள். நான் அவளை எடுத்தேன். வாணத்தின் சிவப்பு வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. குழந்தை விழித்துவிடப் போகிறதே என்று அதன் காதைக் கையால் பொத்திக்கொண்டு, தான் மட்டும் தலையை உயர்த்திப் பார்த்தாள்.

படம் கோணலாகத்தான் வந்தது. ஓரத்தில் ஒரு குப்பைத் தொட்டி பாதி தெரிகிறது. அடுத்த வாரம் மாப்பிள்ளை அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். என் பெண் அதன்முன் வெகுநேரம் நின்றாள்.

"அப்பா, குப்பைத் தொட்டியை வெட்டியிருக்கலாமே?" என்றாள்.

"தாத்தா எடுத்தது, அப்படியே இருக்கட்டும்" என்றான் பேரன்.