கண்ணுக்கொரு வண்ணம்

நுழையும்முன்

நாம் காணும் உலகையே எல்லா உயிர்களும் காண்கின்றன என்று எண்ணுவது மனித இயல்பு. ஆயினும், ஒரே வயல்வெளி வெவ்வேறு கண்களுக்கு வெவ்வேறு வண்ணங்களைக் காட்டுகிறது. நம்மோடு வாழும் நாயும் பூனையும் நிறங்களை எவ்வாறு காண்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சிவப்புப் பந்தும் பச்சைப் புல்லும்

ஆனி, ஆடித் திங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்துவரும் சாரல் இலஞ்சியைக் குளிர்விக்கும். குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் அண்மையில், சிற்றாற்றின் வளத்தால் செழித்த ஊர் இது. 'இலஞ்சி' என்னும் சொல்லுக்கே நீர்நிலை என்னும் பொருள் உண்டு. இவ்வூர் வயலோரப் புல்வெளியில் சிறுவன் ஒருவன் சிவப்புப் பந்தை எறிகிறான் என்று கொள்வோம். அவன் வளர்க்கும் நாய் பாய்ந்தோடுகிறது. பந்து உருளும்வரை அதற்குத் தடுமாற்றம் இல்லை. பந்து புல்லில் அசையாது நின்றதும் நாய் திகைக்கிறது. ஒரு முழம் அருகில் நின்றும் அதனைக் காணாது, தரையை முகர்ந்து தேடுகிறது. "கண்ணெதிரே கிடப்பது தெரியவில்லையா?" என்று சிறுவன் கடிந்துகொள்கிறான். பிழை நாயினுடையதன்று. பச்சைக்கு நடுவே பளிச்சிடும் அச்சிவப்பு, சிறுவனின் கண்ணுக்கு மட்டுமே உரியது.

நிறம் பிறக்கும் இடம்

கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இருவகைப்படும். குச்சி செல்கள் மங்கிய ஒளியில் பணிபுரிபவை. அவை நிறம் அறியா. கூம்பு செல்கள் மிகுந்த ஒளியில் நிறத்தை அறிய உதவுபவை. மனிதக் கண்ணில் மூவகைக் கூம்பு செல்கள் உள்ளன. அவை முறையே ஏறத்தாழ 420, 530, 560 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக ஏற்கின்றன. இம்மூன்றும் ஏற்கும் அளவுகளை ஒப்பிட்டே மூளை நிறத்தை உணர்கிறது. பின்னிரு வகைகளையும் ஒப்பிடுவதால்தான் சிவப்பும் பச்சையும் நமக்கு வேறுவேறாகத் தோன்றுகின்றன.

நாய்க்கு உலகம் கறுப்பு வெள்ளையாகவே தெரியும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜே நைட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். ஒளியூட்டிய மூன்று பலகைகளுள் நிறம் வேறுபட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நாய்க்கு உணவு கிடைக்கும். நாய்கள் நீலத்தையும் மஞ்சளையும் எளிதில் பிரித்தறிந்தன. அவற்றின் கண்ணில் 429, 555 நானோமீட்டர் அளவில் மிகுதியாகச் செயற்படும் இருவகைக் கூம்பு செல்களே உள்ளன என்பது புலனாயிற்று. 555க்கு இணையாக ஒப்பிட மற்றொன்று இல்லாமையால், சிவப்பும் பச்சையும் நாய்க்கு மங்கிய மஞ்சள் சாயலாய் ஒன்றுபோலவே தோன்றும். நீலப் பந்தை எறிந்திருந்தால் அது எளிதில் கண்டிருக்கும்.

இருளை வெல்லும் பூனை

பூனையும் பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையுமே காண்கிறது. அவையும் நாம் காண்பதினும் வெளிறியவை. ஆனால், நிறத்தில் இழந்ததை அது இருளில் ஈட்டுகிறது. அதன் விழித்திரையில் குச்சி செல்கள் மிகுதி. விழித்திரைக்குப் பின்னுள்ள பளபளப்பான படலம், உட்புகுந்த ஒளியை மீண்டும் செல்களுக்கே திருப்பி அனுப்புகிறது. இரவில் விளக்கொளி படும்போது பூனையின் கண்கள் மின்னுவது இதனாலேயே. நமக்குத் தேவையான ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே அதற்குப் போதும்.

தெரிந்து தெளிவோம்

சிவப்புத் துணியைக் கண்டால் காளை சினங்கொள்ளும் என்பர். காளையின் கண்ணிலும் கூம்பு செல்கள் இருவகையே. அதனைச் சீண்டுவது துணியின் அசைவே, நிறமன்று.

மலைக்காடு கூறும் சான்று

பாலூட்டிகளின் மூதாதையர், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இரவில் நடமாடிய சிற்றுயிர்கள். இருளில் நிறத்திற்குப் பயன் குறைவு. ஆகவே கூம்பு செல்களின் வகைகளும் குறைந்தன. நாயும் பூனையும் அம்மரபையே தொடர்கின்றன. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மனிதரும் தோன்றிய கிளையில் மூன்றாம் வகை மீண்டும் உருவாயிற்று. இலைகளுக்கிடையே கனிந்த பழத்தையும் சிவந்த தளிரையும் கண்டறிய அது உதவியது என்பர் அறிஞர். எனவே, குற்றால அருவிக்கரைக் குரங்கு பழக்கூடையில் காணும் சிவப்பு, நாம் காணும் சிவப்பே.

தெற்கே களக்காடு முண்டந்துறைக் காட்டில் இதன் மறுபக்கம் விளங்கும். புலியின் செம்மஞ்சள் நிறம் நமக்குப் பளிச்சென்று தெரியும். மிளாவுக்கோ புலியும் புதரும் ஒரே சாயலாய்த் தோன்றும். மான் காணாத நிறமே புலிக்கு மறைவிடமாகிறது.

நம் அருகில்

இருவகைக் கூம்பு செல்கள் கொண்ட கண் காட்டில் மட்டும் இல்லை. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பிறப்பிலேயே ஒருவகைக் கூம்பு செல்கள் இல்லாமலோ குறையுடையனவாகவோ அமைகின்றன. பெண்களிடையே இது மிக அரிது. அத்தகைய மாணவர் நம் வகுப்பிலும் இருக்கலாம். பச்சைப் பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் எழுதியதைப் படிக்க இயலாமல் அவர் தயங்கும்போது, கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது, பந்தைக் காணாத நாயைச் சிறுவன் கடிந்ததற்கு ஒப்பாகும். வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதினாலே அத்தயக்கம் நீங்கும்.

நிறம் பொருளில் மட்டும் இல்லை; ஒளியும் கண்ணும் மூளையும் கூடுமிடத்தில் அது பிறக்கிறது. இதனை உணர்ந்தவர், தாம் காண்பதைப் பிறர் காணாதபோது சினவாமல், அவர் காண்பது யாதென வினவுவர்.