வார்ப்புடலில் வெடிப்பு

உருக்குத் தகடுகள் பலவற்றை இணைத்து மோட்டார் வண்டியின் உடலை ஆக்குதல் பழைய முறையாகும். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த டெஸ்லா 'மாடல் வை' என்னும் மின்வண்டியிலோ, பின்னுடலின் ஏறக்குறைய 70 உறுப்புகளுக்கு ஈடாக அலுமினியக் கலப்புலோக வார்ப்புகள் இரண்டு அமைந்தன. பின்னர் அவையும் ஒன்றாயின.

இத்தகைய வார்ப்பில் வெடிப்புக் காணப்படின் அஞ்சுதல் வேண்டுமோ? வெடிப்பின் நீளம் மட்டும் இதற்கு விடை கூறாது. அது அமைந்த இடமும் வளரும் இயல்பும் ஆராயத்தக்கன. உருகிய உலோகம் குளிர்ந்து சுருங்குங்கால் தோன்றும் மயிரிழை வெடிப்பு, சுமை தாங்காத விளிம்பில் நிற்குமாயின் தீங்கு சிறிதே. சில்லைத் தாங்கும் உறுப்புகள் பொருந்துமிடத்தில் அது தோன்றின் நிலைமை வேறு. பாதையின் ஒவ்வொரு குலுக்கமும் வெடிப்பின் நுனியிலே தகைப்பைக் குவிக்கும். உருக்கைப் போலன்றி, அலுமினியத்துக்குத் தெளிவான களைப்பெல்லை இல்லை. ஆதலின் சிறு சுமையும் பன்முறை மீளுமாயின் வெடிப்பை வளர்த்தல் கூடும். அலுமினியக் கலப்புலோகத்தாலான கொமெற் விமானங்கள் இரண்டு 1954இல் நடுவானிற் சிதைந்தமைக்கு இக்களைப்பே காரணமென ஆய்வாளர் கண்டனர்.

ஆகவே, வெடிப்பு யாவும் ஆபத்தன்று. ஆராயப்படாத வெடிப்பே ஆபத்து. சாயமூட்டியோ ஊடுகதிர் கொண்டோ அதனை ஆராய்தல் முறை. மேற்பூச்சிட்டு மறைத்தல் உயிரோடு விளையாடுதலாகும்.