கம்ப்யூட்டர் நம்ம மனுவை எப்படிப் பார்க்குது?

"கம்ப்யூட்டர்ல தள்ளுபடின்னு வந்துடுச்சாம்" என்ற பேச்சை இப்போது குழுக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். எதை வைத்து அது அப்படிச் சொல்கிறது?

நம் குழுவின் கடன் பேரேட்டையே எடுத்துக்கொள்வோம். மூன்று வருஷப் பக்கங்களைப் புரட்டினால், ஜூன் மாதம் பள்ளிக்கூடச் செலவுக்குக் கடன் கேட்பவர்கள் அதிகம் என்று தெரியும். அப்போ மே மாதமே பணத்தைத் தயாராக வைப்போம் இல்லையா? குவிந்து கிடக்கும் கணக்கிலிருந்து இப்படி ஒரு விஷயத்தைத் தோண்டி எடுப்பதுதான் 'டேட்டா மைனிங்'. அரசாங்கம் இதையே கோடிக்கணக்கான பதிவுகளில் செய்கிறது. ஒரு துறையின் பதிவை இன்னொரு துறையின் பதிவோடு ஒப்பிட்டும் பார்க்கிறது.

2023-ல் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குச் சுமார் 1 கோடியே 63 லட்சம் மனுக்கள் வந்தன. வீடு வீடாகப் போய் விசாரித்து மட்டும் முடிகிற வேலையா இது? குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கணும், நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கருக்கு மேல் கூடாது, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்ட் ஓடியிருக்கக் கூடாது, கார் கூடாது என்ற நிபந்தனைகளை அரசுப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். இந்த வேகம் நல்லதுதான்.

ஆனால் பதிவு தப்பாக இருந்தால் முடிவும் தப்பாகத்தான் வரும். தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற ஏற்பாடு, பெயரையும் விலாசத்தையும் வைத்து ஆளைப் பொருத்திப் பார்த்தது. அதே மாதிரிப் பெயருள்ள வேறொருவரின் காருக்காக, காரே இல்லாத ஏழைக் குடும்பத்துக்கு ரேஷன் மறுக்கப்பட்டதும் நடந்தது. ரத்தான கார்டுகளை நேரில் போய் மறுபடி விசாரிக்கச் சொல்லி 2022-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நம் ஊரிலும் இதற்கு இடமிருக்கு. வண்டியை வித்தாச்சு, ஆர்.சி. புக்கில் பெயர் மாத்தலைன்னா, பதிவில் இன்னும் நீங்கதான் சொந்தக்காரர். மூன்று குடும்பத்துக்கு ஒரே மீட்டர்னா யூனிட் ஏறும். கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி நிலமும் உங்க கணக்கில் சேர வாய்ப்புண்டு. ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

மனு தள்ளுபடியானால் "ஏன்" என்று கேளுங்கள். உரிமைத் தொகைக்கு 2023-ல் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வழி வைத்தார்கள். போனில் வந்த அந்த மெசேஜை விளம்பரம்னு நினைத்து அழித்தவர்களும் உண்டு. காரணமே சொல்லவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ், வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். எழுதத் தெரியாதவர்கள் அடுத்த கூட்டத்துக்கு ரேஷன் கார்டு, ஆதார், தள்ளுபடி மெசேஜ் மூன்றையும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து எழுதிடுவோம்.