சக்கர நாற்காலியில் வருபவரோடு எப்படிப் பழகுவது?

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரதேசத்தில், அக்கராயனை அண்டியிருக்கிறது ஸ்கந்தபுரம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தபின் வன்னிக் கிராமங்களுக்குத் திரும்பியவர்களில் பலர் காயங்களோடுதான் திரும்பினார்கள். அதனால் சக்கர நாற்காலி இங்கே யாருக்கும் புதிதல்ல. இருந்தும், அதில் இருப்பவர் கடைக்கோ கோயிலுக்கோ வரும்போது நாம் தடுமாறுகிறோம். சிலர் காணாததுபோல் கடந்து போகிறோம். சிலர் கிட்டப்போய் அடுக்கடுக்காக விசாரிக்கிறோம். இரண்டுமே அவரை நோகடிக்கின்றன. இரண்டையும் மாற்றிக்கொள்ள முடியும்.

தடுமாற்றம் ஏன் வருகிறது?

இது உலகெங்கும் உள்ளது. ரொபேர்ட் கிளெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 1966இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஆளைச் சிலர் முன் சாதாரணமாகவும், வேறு சிலர் முன் கால் இழந்து சக்கர நாற்காலியில் இருப்பவர்போலவும் இருத்திப் பேசவிட்டார்கள். நாற்காலியில் அவரைக் கண்டவர்கள் பேச்சைச் சீக்கிரமே முடித்துக்கொண்டார்கள். அவர்கள் நடத்தையில் ஓர் இறுக்கம் தெரிந்தது. தங்கள் மனதில் இருந்த கருத்தைக்கூட மாற்றிச் சொன்னார்கள்.

பிரித்தானியாவில் ‘ஸ்கோப்’ என்ற அமைப்பு 2014இல் வெளியிட்ட கணிப்பிலும், மாற்றுத்திறனாளிகளோடு பேசுவது சங்கடமாக இருப்பதாக மூவரில் இருவர் அளவில் சொன்னார்கள். பிழையாக ஏதும் சொல்லிவிடுவோமோ என்ற பயம் இதற்கு ஒரு பெரிய காரணம். ஆனால் அந்தப் பயம் நாற்காலியில் இருப்பவருக்குத் தெரியாது. ஆட்கள் தன்னைவிட்டு விலகுகிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். ஆகவே பேசாமல் போவதைவிட, சொல் கொஞ்சம் தடுமாறினாலும் நின்று பேசுவது நல்லது.

வன்னியில் ஒரு கேள்வியின் பாரம்

“எங்க காயப்பட்டனீங்கள்?” “ஷெல்லோ, ரவுண்ட்ஸோ?” “வீட்டில ஆக்கள் ஆர் ஆர் தப்பினது?” “இயக்கத்தில இருந்தனீங்களோ?” நாம் அனுதாபத்தோடுதான் கேட்கிறோம். ஆனால் வேறு ஊரில் ‘என்ன நடந்தது’ என்று கேட்டால் ஒரு விபத்தின் கதை வரும். வன்னியில் அதே கேள்வி ஒருவரை இறுதி யுத்தம் நடந்த புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் திருப்பிக் கொண்டுபோகும். அவர் அங்கே தன் காலை மட்டும் இழந்திருக்கமாட்டார். பிள்ளையை, தாயை, கூடப் பிறந்தவரை விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. யுத்தத்தின் பின் முகாம்களிலும் புனர்வாழ்வு நிலையங்களிலும் இதே கேள்விகளுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். கடை வாசலில் நாலு பேர் முன்னால் அடுக்கப்படும் கேள்விகள், எவ்வளவு அன்போடு கேட்கப்பட்டாலும், அவர்களுக்கு விசாரணையாகவே கேட்கும். பதில் சொல்வது இன்றும் அவர்களுக்குப் பாதுகாப்பில்லாததாக இருக்கலாம்.

அறிய ஆசைப்படுவது குற்றமல்ல. ஆனால் அந்தக் கதை அவருடையது. பழகிய பின், அவராகச் சொன்னால் ஆறுதலாகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பொதுவாக அறிந்திருக்க வேண்டியவை

உடம்பைப் பற்றிய பல கேள்விகளுக்குப் பொதுவான பதில் உண்டு. அதை நாம் அறிந்து வைத்திருந்தால் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர் எல்லாருக்கும் ஒரே பிரச்சினை இல்லை. சிலர் காலை இழந்தவர்கள். சிலருக்குப் போலியோ, பக்கவாதம். சிலர் எழுந்து நாலடி நடப்பார்கள், தூரம் போகத்தான் நாற்காலி. அவர்கள் எழுந்து நிற்பதைக் கண்டு ‘நடிக்கிறார்’ என்று எண்ணக்கூடாது.

ஷெல் துண்டோ சன்னமோ முள்ளந்தண்டு வடத்தைத் தாக்கினால், அந்த இடத்துக்குக் கீழே மூளையின் கட்டளையும் முழுமையாகப் போகாது, உடலின் உணர்வும் முழுமையாக மேலே வராது. சலமும் மலமும் பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இராது. பலர் சலத்துக்குக் குழாய் பயன்படுத்துகிறார்கள். நெடுநேரம் ஒரே இருப்பில் இருந்தால், நோவே தெரியாமல் அழுத்தப் புண் வந்துவிடும். அது முற்றினால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பேச்சின் நடுவே இரண்டு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கி இருப்பார்கள். அதை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. சூடும் உறைக்காது என்பதால், கொதிக்கும் தேத்தண்ணியை அவர் மடியில் வைக்காதீர்கள். காயம் மேல் முதுகிலோ கழுத்திலோ என்றால், அதற்குக் கீழே வியர்க்காமல் உடல் சூடேறும். வன்னி வெயிலில் அவரை நிறுத்தி வைத்துக் கதை கேட்காதீர்கள்.

குடும்பம், பிள்ளைகள் பற்றியும் பலர் அறிய ஆசைப்படுகிறார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட பலர் திருமணம் செய்து வாழ்கிறார்கள். பெண்கள் கருத்தரித்துப் பிள்ளை பெறவும் முடியும். இதற்குமேல் அது அவர்களின் சொந்த விஷயம்.

கண்டால் என்ன செய்வது?

வேறு யாரைக் கண்டாலும் செய்வதுதான். “அண்ணை, சுகமோ? எங்க போறியள்?” என்று கேளுங்கள். மழை, வயல், பிள்ளைகளின் படிப்பு என்று பேச எவ்வளவோ இருக்கிறது.

• அவரோடு பேசுங்கள். நாற்காலியைத் தள்ளி வந்தவரைப் பார்த்து, “இவருக்குச் சீனி போடுறதோ?” என்று கேட்பது அவரைச் சிறுபிள்ளையாக்குவதாகும்.

• கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதீர்கள், பிடித்துச் சாயாதீர்கள். அது அவர் உடலின் ஒரு பகுதி. “அக்கா, உதவி வேணுமோ?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு விடுங்கள். வேண்டும் என்றால் எப்படிப் பிடிப்பது என்று அவரையே கேளுங்கள். கிரவல் வீதியில் முன் சில்லு கல்லில் இடறினால் ஆள் முன்னே விழுந்துவிடுவார்.

• நீண்ட நேரம் பேசுவதென்றால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்தில் இருங்கள்.

• “ஐயோ பாவம்”, “போன பிறப்பில செய்த வினை” என்ற பேச்சை அடியோடு விடுங்கள்.

• பிள்ளைகள் கேட்டால் அதட்டாதீர்கள். “மாமாவுக்குக் கால் ஏலாது, இதிலதான் போறவர்” என்று சொன்னால் போதும். அதட்டினால், விலகிப் போக வேண்டிய ஏதோ ஒன்று என்றுதான் பிள்ளை நினைக்கும்.

படியை முதலில் கவனியுங்கள்

ஸ்கோப் கணிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது. தங்களுக்கு ஒரு மாற்றுத்திறனாளியையும் தெரியாது என்று பாதிக்குக் கிட்டிய பேர் சொன்னார்கள். பழக்கமின்மையும் தடுமாற்றத்தின் ஒரு வேர். நமது ஊரில் அந்தப் பழக்கத்துக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது படிதான். அவர் ஏறமுடியாத இடத்தில் நாம் அவரைச் சந்திப்பதே இல்லை.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் சென்றுவர வசதி செய்யவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. தானே சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்று, அவ்விதிகளைக் கட்டாயம் பின்பற்றவேண்டும் என்ற உத்தரவை 2011 ஏப்ரலில் பெற்றார். ஆகவே சாய்தளம் கேட்பது சலுகை கேட்பதல்ல.

சாய்தளம் கட்டும் கணக்கு எளிது: ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டடி உயர அத்திவாரத்துக்கு இருபத்திநாலு அடி வேண்டும். இதைக் குறுக்கிச் செங்குத்தாகக் கட்டினால் பலரால் தனியாக ஏற முடியாது.

ஸ்கந்தபுரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கோயில் நிர்வாகமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் தங்கள் அடுத்த கூட்டத்தைப் படியில்லாத இடத்தில் வைக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் அழைக்கட்டும். ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்காமல், ‘ஊரில் எங்கெங்கே உங்களால் ஏற முடியவில்லை’ என்று கேட்கட்டும். அந்தப் பதிலை வைத்து ஊர் உடனே வேலையைத் தொடங்கலாம்.