வீதியில் நமக்கும் இடமுண்டு
திரும்பும் வாகனங்களிடமிருந்து சைக்கிளில் செல்வோர் தம்மைக் காத்துக்கொள்வது எப்படி?

அதிகாலையில் பாலாவிச் சந்தியில் சற்று நேரம் நின்று பார்த்தால் எமது மக்களின் வாழ்க்கையை ஒரே பார்வையில் கண்டுவிடலாம். கொழும்பு - புத்தளம் பெருவீதியிலிருந்து கற்பிட்டி வீதி பிரியும் இடம் அது. மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், கரியரில் மீன்பெட்டி வைத்த சிறு வியாபாரிகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சைக்கிளில் செல்கிறார்கள். அவர்களை உரசிக்கொண்டு சீமெந்து லொறிகளும் மரக்கறி லொறிகளும் பஸ்களும் ஓடுகின்றன.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போரினால் இக்கரைக்கு வந்து சேர்ந்த ஏனையோரும் வயலையும் தோட்டத்தையும் இழந்து வந்தவர்கள். 2009க்குப் பின் சிலர் ஊர் திரும்பினர்; பலர் இங்கேயே தங்கிவிட்டனர். வந்த இடத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய முதற் சொத்து பல வீடுகளில் ஒரு பழைய சைக்கிள்தான். அது இருந்தால் வேலை உண்டு. வேலை இருந்தால் அடுப்பு எரியும். ஆகவே சைக்கிளில் போகிறவர் விழுந்தால் வீடே விழுகிறது.

சில காலத்துக்கு முன் இப்படி விழுந்த ஒரு தகப்பனாரை ஆஸ்பத்திரியில் சென்று பார்த்தோம். மன்னார்ப் பக்கத்தில் நெல் விதைத்தவர். கற்பிட்டி வீதியில் தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு லொறி அவரை முந்தி, உடனேயே இடப்புற மணல் ஒழுங்கைக்குள் திரும்பியது. அதன் முன்பகுதி தம்மைத் தாண்டிவிட்டதால் இனிப் பயமில்லை என்று நினைத்ததாக அவர் எங்களிடம் சொன்னார். பின் சில்லு சைக்கிளை இழுத்துக்கொண்டது. கால் முறிந்து, அந்தப் போகம் முழுவதும் அவர் வீட்டிலிருந்தார்.

முன்பகுதி தாண்டிவிட்டால் ஆபத்து முடிந்தது என்ற அந்த நினைப்பே பலரை வீழ்த்துகிறது.

ட்ரக்டர் பெட்டியும் வரப்பும்

இதை விவசாயிகளுக்கு விளக்குவது எளிது. பெட்டி பூட்டிய ட்ரக்டரை வயல் மூலையில் திருப்பும்போது என்ன நடக்கிறது? ட்ரக்டர் வரப்பைத் தொடாமல் போய்விடும். பின்னால் வரும் பெட்டியின் சில்லோ வரப்பு மூலையை உடைத்துவிடும். முன் சில்லு போன தடத்தில் பின் சில்லு போவதில்லை. திரும்பும் பக்கமாக உள்ளே வெட்டிக்கொண்டு போகும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் இதே கதைதான். வாகனம் எவ்வளவு நீளமோ, வெட்டும் அவ்வளவு கூடும். அந்த மூலையில் நாம் சைக்கிளோடு நின்றால் வரப்பின் கதிதான் நமக்கும்.

இன்னொன்று, எமது நாட்டில் சாரதி வலப்புறத்தில், உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்புறக் கதவுக்குக் கீழே, அருகில் இருப்பவர் அவர் கண்ணுக்கு மறைந்துபோவார். பக்கக் கண்ணாடியும் எல்லா இடத்தையும் காட்டுவதில்லை. எனவே சந்தியிலோ ஒழுங்கை முகப்பிலோ வேகம் குறைக்கும் லொறி, பஸ் ஆகியவற்றின் இடப்பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள். அங்கே இடம் இருப்பதுபோலத் தோன்றும். வாகனம் திரும்பத் தொடங்கியதும் அந்த இடம் இல்லாமற் போய்விடும்.

ஒரு லொறி உங்களை முந்தி வேகத்தைக் குறைத்தால், அது திரும்பப்போகிறது என்றே எண்ணுங்கள். சிக்னல் லைட் எரியவில்லை என்று நம்பிவிட வேண்டாம். லைட் பழுதாக இருக்கலாம், சாரதி போட மறந்தும் இருக்கலாம். நீண்ட லொறிகள் ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இடப்புறம் திரும்புவதற்காக முதலில் வலப்புறம் சாய்வதுண்டு. வழி விடுகிறார் என்று நினைத்து அந்த இடைவெளிக்குள் புகுந்தவர்கள் அகப்பட்டிருக்கிறார்கள். பிரேக்கைப் பிடித்துப் பின்தங்குங்கள். லொறி முழுவதும் போகட்டும். உங்களுக்கு நட்டம் பத்து மூச்சு நேரம் மட்டுமே.

எதிரே வந்து திரும்புகிறவர்கள்

இரண்டாவது ஆபத்து எதிரிலிருந்து வருகிறது. எதிரே வரும் வான் அல்லது முச்சக்கர வண்டி தனக்கு வலப்புறமாகத் திரும்பும்போது நமது பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. அந்தச் சாரதியின் கண் பெரிய வாகனத்தைத்தான் தேடும். சைக்கிளைக் கண்டாலும் தூரத்தில் வருகிறது என்று தவறாகக் கணித்துவிடுவார். நீங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் இன்னும் மோசம். பஸ் கடந்ததும் வீதி வெறுமை என்று அவர் திருப்பிவிடுவார். ஆகவே பஸ்ஸுக்கும் உங்களுக்கும் நல்ல இடைவெளி இருக்கட்டும். சந்தியை நெருங்கும்போது கை பிரேக்கில் இருக்கட்டும். எதிரே வருபவரின் முன் சில்லைப் பாருங்கள். அவர் எங்கே போகப்போகிறார் என்பதை முதலில் காட்டுவது அதுதான்.

ஓரம் ஒதுங்குவது எப்போதும் பாதுகாப்பல்ல

மூன்றாவது, பக்க ஒழுங்கையிலிருந்து வீதிக்கு வரும் வாகனம். கிடுகு வேலியும் பற்றைகளும் மறைக்க, வீதியின் கடைசி ஓரத்தில் வருகிறவரை அந்தச் சாரதி காண்பது கடைசி நொடியில்தான்.

இங்கே எமது மக்களிடம் மனந்திறந்து ஒன்று சொல்ல வேண்டும். நாம் வந்த சனம், இது நம் ஊர் அல்ல என்ற கூச்சம் எம்மவர் சைக்கிள் ஓட்டத்திலும் தெரிகிறது. யாருக்கும் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று தார் முடிந்து மணல் தொடங்கும் விளிம்பிலேயே ஓடுகிறார்கள். அங்கே சில்லு மணலில் சறுக்கும். சாரதியின் கண்ணிலும் படமாட்டோம். இடப்புறமாகவே செல்லுங்கள், ஆனால் தாரின் விளிம்பிலிருந்து ஒரு முழம், இரண்டு முழம் உள்ளே, நேர்கோட்டில், ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள். வீதியைப் பயன்படுத்துவது உங்கள் உரிமை. அது யாரும் இடும் பிச்சையல்ல.

நாமே வலப்புறம் திரும்பும்போது முதலில் பின்னால் பார்த்து, பிறகு வலக்கையை நன்றாக நீட்டிக் காட்ட வேண்டும். வாகன நெரிசல் இருந்தால், முக்கியமாகப் பாலாவி போன்ற சந்தியில், இடப்புறம் நிறுத்தி இறங்கி, இருபுறமும் பார்த்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு கடப்பதே நல்லது. இதில் வெட்கப்பட ஏதுமில்லை. திரும்பிப் பார்க்க முடியாதபடி கரியரில் மூட்டை ஏற்றாதீர்கள். இருட்டோடு புறப்படுகிறவர்களுக்கு முன்னே வெள்ளை வெளிச்சமும் பின்னே சிவப்பு ஒளித்தெறிப்பானும் கட்டாயம் தேவை.

சாரதிகளின் கடமை

பொறுப்பு முழுவதும் சைக்கிளில் செல்பவருடையது அல்ல. எம்மைப்போல இடப்புறமாக வாகனம் ஓட்டும் பிரித்தானியாவில், நேரே செல்லும் சைக்கிளுக்குக் குறுக்கே திருப்பக் கூடாது என்று 2022இல் வீதி விதிக்கோவையில் தெளிவாக எழுதினார்கள். ஜேர்மனியில் 2020 முதல், 3.5 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகள் நகர்ப்புறத்தில் சைக்கிள்கள் செல்லும் பக்கமாகத் திரும்பும்போது நடக்கும் வேகத்திலேயே திரும்ப வேண்டும். எம் இளைஞர்கள் பலர் இன்று லொறியும் முச்சக்கர வண்டியும் ஓட்டுகிறார்கள். தம்பிமாரே, திரும்புமுன் இடப்புறக் கண்ணாடியை ஒருமுறை பாருங்கள். அங்கே வருவது உங்கள் வாப்பாவாக இருக்கலாம்.

சேர்ந்து செய்யக்கூடியவை

பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் தர்மமே என்பது எம் முஸ்லிம் சகோதரர்கள் சிறுவயதிலேயே கற்கும் போதனை. ஒழுங்கை முகப்பில் பார்வையை மறைக்கும் வேலியையும் பற்றையையும் இடுப்பளவுக்கு வெட்டிவிடுவது அத்தகைய தர்மமே. ஒரு சிரமதான நாளில் முடிந்துவிடும். நின்றுகொண்டிருக்கும் லொறி ஒன்றின் சாரதி ஆசனத்தில், அவர் அனுமதியுடன், பிள்ளைகளை ஏற்றி, இடப்பக்கத்தில் ஒரு சைக்கிளை நிறுத்திக் காட்டுங்கள். தெரிகிறதா என்று கேளுங்கள். ஒருமுறை பார்த்த பிள்ளை மறக்காது. மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாக் காலங்களில் புதிய சாரதிகள் பலர் இவ்வீதிக்கு வருவதால், அதற்கு முன்னரே இதைச் செய்வது நல்லது. ஆபத்தான திருப்பங்களைக் குறித்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுதிக் கொடுங்கள்.

விபத்து நேர்ந்துவிட்டால்

அடிபட்டவரை அவசரப்பட்டுத் தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடக்கி ஏற்றாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எம் மக்கள் மறக்க முடியாத அந்த ஆண்டேதான் இலவச 'சுவசெரிய' அம்புலன்ஸின் இலக்கமும். 2016இல் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிந்தது. பொலிஸுக்கு 119. வாகன இலக்கத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

வீதியோரத்தில் கையில் திணிக்கும் சில ஆயிரம் ரூபாவுடன் விடயத்தை முடித்துவிடாதீர்கள். நமக்கேன் பொலிஸ், கோட்டு என்று பயந்து பலர் இப்படி ஏமாந்திருக்கிறார்கள். உள்ளே பட்ட அடி மறுநாள்தான் தெரியும். பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். மோட்டார் வாகனங்களுக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம்; அது உங்களைப் போன்றவர்களுக்காகவே உள்ளது. வழக்கறிஞர் வைக்க வசதியற்றவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

இதை இன்றிரவு வீட்டில் எல்லாரும் கேட்க வாசியுங்கள். நாளைக் காலை சைக்கிளை எடுக்குமுன் பிரேக்கையும் பெல்லையும் ஒருமுறை பாருங்கள். முந்திச் சென்ற லொறி வேகம் குறைத்தால் பின்தங்குங்கள். மாலையில் நீங்கள் வீடு திரும்பும்வரை வாசலில் காத்திருப்போருக்காக இதைச் செய்யுங்கள்.