இளைப்புக்கு மனசு எவ்வளவு மருந்து?

நம் பயிற்சி முகாம்களில் இளைப்பு உள்ளவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "தூதுவளை ரசம் குடிக்கிறேன், மூச்சுப் பயிற்சி பண்றேன், நல்லாத்தான் இருக்கு. இன்ஹேலரை நிறுத்திடலாமா?" நான் மருத்துவன் இல்லை, உங்களைப் போல ஒரு விவசாயிதான். ஆனாலும் ஆஸ்துமா, ஒவ்வாமை பற்றி உளவியல் பக்கம் நடந்த சில ஆய்வுகளைப் படித்தபோது, இந்தக் கேள்விக்கு அதில் பதில் இருப்பது தெரிந்தது.

மனசு மூச்சுக்குழாயைத் தொடுமா? தொடும். 1886இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் மெக்கன்சி என்ற மருத்துவரிடம், ரோஜாப்பூ ஆகாத ஒரு பெண் சிகிச்சைக்கு வந்தார். மருத்துவர் அவர் முன்னால் ஒரு ரோஜாவை எடுத்துக் காட்டினார். தும்மலும் இளைப்பும் உடனே வந்துவிட்டன. அது செயற்கைப் பூ!

1968இல் நியூயார்க்கில் லூப்பரெல்லோ என்பவரின் குழு இதை அளந்தே பார்த்தது. ஆஸ்துமா உள்ள 40 பேருக்கு வெறும் உப்புநீரைப் புகைபோல ஆக்கி உறிஞ்சக் கொடுத்து, "இது உங்களுக்கு ஆகாத பொருள்" என்று சொன்னார்கள். 19 பேருக்கு மூச்சுக்குழாய் இறுகியது. அதில் 12 பேருக்கு இளைப்பே வந்தது. பிறகு அதே உப்புநீரை மருந்து என்று சொல்லிக் கொடுத்ததும் சரியானது. கருவி காட்டிய அளவு இது, யாரும் நடிக்கவில்லை. பயத்தால் வந்தது நம்பிக்கையால் போனது.

அப்படின்னா மருந்தே வேண்டாமா? இங்கேதான் நிதானம் தேவை.

பஞ்சகவ்யா வேலை செய்யுதான்னு பார்க்க நாம என்ன பண்றோம்? ஒரு பாத்திக்கு பஞ்சகவ்யா, இன்னொன்றுக்கு வெறும் தண்ணி, மூன்றாவதை அப்படியே விட்டுடறோம். கண்ணுக்குப் பச்சையா தெரிஞ்சா போதாது, மகசூலை எடை போட்டுப் பார்க்கிறோம்.

2011இல் ஹார்வர்டைச் சேர்ந்த வெக்ஸ்லர், காப்சக் ஆகியோர் இதே முறையில் 39 ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் நான்கு விதம்: சால்புடமால் இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், பொய்யான அக்குபங்சர், எதுவுமே கொடுக்காமல் இருப்பது. "எவ்வளவு தேவலை?" என்று கேட்டபோது, மருந்துக்கு 50 விழுக்காடு முன்னேற்றம் என்றார்கள். மருந்தில்லாத இன்ஹேலருக்கு 45, பொய் அக்குபங்சருக்கு 46, சும்மா இருந்ததற்கு 21. ஆனால் ஊதச் சொல்லி நுரையீரலை அளந்தால் கதை வேறு. மருந்து கொடுத்தபோது மூச்சின் அளவு 20 விழுக்காடு கூடியது. மற்ற மூன்றிலும் ஏறக்குறைய 7தான்.

யோசித்துப் பாருங்கள். குழாய் சரியாகத் திறக்கவில்லை, ஆனால் ஆள் "தேவலை" என்கிறார். ஆபத்து இதில்தான் ஒளிந்திருக்கு. "நல்லாத்தான் இருக்கு" என்ற உணர்வை மட்டும் நம்பி இன்ஹேலரை ஓரம் கட்டினால், அடுத்த முறை இளைப்பு கடுமையாக வரும்போது கையில் ஒன்றும் இருக்காது.

சரி, மனசால் நல்லது செய்யவே முடியாதா? முடியும், சிகிச்சையோடு சேர்ந்தால். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் ஆலியா கிரம், லாரன் ஹோவ் உள்ளிட்ட குழுவினரின் ஆய்வு 2019இல் வெளியானது. நிலக்கடலை ஆகாத 50 பிள்ளைகளுக்கு மருத்துவக் கண்காணிப்பில் கடலையைத் துளித்துளியாகக் கூட்டிக் கொடுக்கும் சிகிச்சை அது. ஒரு பாதிக்கு, வாய் அரிப்பு போன்ற சிறு தொந்தரவுகளைப் பக்கவிளைவு என்றார்கள். மறு பாதிக்கு, உடம்பு பழகிக்கொண்டிருப்பதன் அடையாளம் என்று விளக்கினார்கள். இரண்டாவது பிரிவில் பயம் குறைந்தது. அளவு கூடக்கூட தொந்தரவும் குறைவாக வந்தது. ரத்தத்தில் காக்கும் வகை எதிர்ப்பொருளும் அதிகம் கூடியது. சிகிச்சை இருவருக்கும் ஒன்றே, சொன்ன சொல்தான் வேறு. வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

இளைப்பு உள்ள நம் உழவர்கள் செய்ய வேண்டியவை:

இன்ஹேலரைத் தானாக நிறுத்தாதீர்கள். குறைக்கலாமா என்பதை மருத்துவர் அளந்து பார்த்துச் சொல்லட்டும். மருந்துக்கடையில் 'பீக் ஃப்ளோ மீட்டர்' என்ற ஊதிப் பார்க்கும் கருவி கிடைக்கும். தினமும் ஊதி, நோட்டில் எழுதி வையுங்கள். எடை போடாமல் மகசூல் சொல்ல முடியாதில்லையா?

தூசியைக் குறையுங்கள். மட்கைக் கிளறும் முன் தண்ணி தெளியுங்கள். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறாதீர்கள். கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்காமல், காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். முகக்கவசம் போடுங்கள்.

இளைப்பு வந்தவரைச் சுற்றிக் கூட்டம் போட்டுப் பதறாதீர்கள். உட்கார வைத்து, "இன்ஹேலர் எடுத்தாச்சு, நாங்க கூட இருக்கோம்" என்று பேசுங்கள். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை, உதடு நீலமாகுது என்றால் உடனே 108.

தூதுவளையும் மூச்சுப் பயிற்சியும் தொடரட்டும். இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.