இரண்டாம் வேற்றுமையில் யார் ஆள்?

போலிஷ் மொழியில் வேற்றுமை 7; நமக்கு 8. கருவி, இடம், கூப்பிடுதல் ஆகிய சொற்களிலிருந்துதான் அவர்களும் சில வேற்றுமைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இலக்கணம் படித்தவர்களுக்கு இதுவரை பழகிய வீடு மாதிரித்தான்.

சிக்கல் ஈற்றில் இருக்கிறது. தமிழில் 'மரங்களை' என்றால் 'கள்' தனி, 'ஐ' தனி, பிரித்துக் காட்டலாம். பெண்களுக்கும் அதே 'ஐ'. போலிஷில் ஒரே ஈறு வேற்றுமை, எண், பால் மூன்றையும் சேர்த்துச் சுமக்கிறது. வேற்றுமையைச் சொல்ல வாயைத் திறந்தாலே மற்றதும் வந்துவிடும்.

இரண்டாம் வேற்றுமைப் பன்மையைப் பாருங்கள். ஆண் மாணவர்களைப் பார்த்தேன் என்றால் 'ஸ்தூதென்தூஃப்'. இது ஆறாம் வேற்றுமையிடம் கடன் வாங்கிய வடிவம். மாணவிகள், நாய்கள், மேசைகள் என்றாலோ எழுவாய் வடிவமே அப்படியே நிற்கும். 'அவர்களை' என்பதற்கும் ஆண்களுக்கு 'இஹ்'; பெண்களுக்கும் நாய்களுக்கும் மேசைகளுக்கும் 'யெ'. நூறு பெண்கள் நடுவே ஒரு ஆண் நின்றால் போதும், மொத்தக் கூட்டமும் 'இஹ்' ஆகிவிடும்.

தமிழும் இங்கே ஆள் பார்க்கிறது. 'மரம் வெட்டினேன்' என்று உருபை விடலாம். 'அவளைப் பார்த்தேன்' என்பதில் விட முடியாது. ஆனால் நம் உயர்திணைக்குள் பெண்ணும் உண்டு. போலிஷ் பன்மையில் அந்த இடம் ஆணுக்கு மட்டும்.

எழுவாய்ப் பன்மையில் இது இன்னும் வெளிப்படை. யூதர்கள் என்பதற்கு இயல்பான சொல் 'ஜிஜி'. ஆண்களுக்குரிய ஈற்றைக் கழற்றி 'ஜிடி' என்றால் வசை. இலக்கண நூல்கள் இதை இழிவு வடிவம் என்றே வகைப்படுத்துகின்றன. வைய ஒரு புதுச்சொல் தேவைப்படவில்லை. ஆள் கணக்கிலிருந்து இறக்கிவிட்டாலே வசைதான். இறங்குகிற இடத்தில் ஏற்கெனவே பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. அதிகாரம் இலக்கணத்துக்குள் வேலை செய்வது இப்படித்தான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு விநோதம்: எதிர்மறையில் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமைக்கு மாறும். 'அவர்களைப் பார்க்கவில்லை' என்றால் ஆண், பெண், நாய், மேசை எல்லாவற்றுக்கும் 'இஹ்'தான். பார்க்காதபோது மட்டும் சமத்துவம்!

போலிஷ் கவிதைகளைப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே வாசிக்கிறோம். அங்கே எல்லாம் ஒரே 'தெம்', இங்கே 'அவர்களை'. மூலத்தில் இருந்தது 'இஹ்'ஹா, 'யெ'யா என்று மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது கேட்டுப்பார்க்க வேண்டும். அந்தக் கவிதைக்குள் யார் ஆள், யார் ஆளில்லை என்பது அந்த ஓரசைச் சொல்லில்தான் இருக்கிறது.